எந்தப் படியில் நிற்கிறான்? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

என் மகன் அரசுத் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு படிக்கிறான். வாசிப்பும் கணக்கும் சொல்லிக்கொடுக்கும் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அவனைத் தமிழுக்கு ‘அரும்பு’ என்ற ஆரம்ப நிலையில் வைத்திருக்கிறார்கள். எதிர் வீட்டுப் பெண் மேல் நிலையான ‘மலர்’-இல் இருக்கிறாள். டீச்சரிடம் கேட்டால் “வந்துருவான்மா” என்கிறார். ரேங்க் கார்டு இல்லாமல் பிள்ளை எப்படிப் படிக்கிறான் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? எதிர் வீட்டுப் பெண் கதைப் புத்தகமே படிக்கிறாள். ஐந்தாம் வகுப்பில் பொதுத்தேர்வு இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் என் கணவர். வேறு பள்ளிக்கு மாற்றிவிடலாமா?

ப.

அன்புள்ள ப.,

வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டியிருந்ததால் போன வாரம் என் அக்காவின் பழைய நோட்டுகளைப் பரணிலிருந்து இறக்கினேன். அவற்றைப் புரட்டிக்கொண்டிருந்தபோதுதான் உங்கள் கடிதம் வந்தது. அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

பொதுத்தேர்வு விஷயத்தை விட்டுவிடுவோம். 2019-ல் அறிவித்தார்கள், 2020 பிப்ரவரியில் ரத்து செய்தார்கள். நல்லதுதான். பத்து வயதுப் பிள்ளையைப் பயமுறுத்தி வாசிக்க வைக்க முடியாது.

எனக்குக் கோபம் வந்தது வேறு இடத்தில். இவ்வளவு சிறிய கடிதத்தில் எதிர் வீட்டுப் பெண் இரண்டு முறை வருகிறாள். உங்கள் மகன் எந்த எழுத்தில் தடுமாறுகிறான் என்பது ஒரு முறைகூட வரவில்லை. அரும்பு, மொட்டு, மலர் என்பதெல்லாம் எங்கிருந்து தொடங்கிச் சொல்லிக்கொடுப்பது என்று ஆசிரியர் தெரிந்துகொள்ள வைத்த அடையாளங்கள். நீங்கள் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து ரேங்க் ஆக்கிவிட்டீர்கள். அவன் காதுபட “நீ இன்னும் அரும்புதான்” என்று சொல்லியிருப்பீர்களோ என்று பயமாக இருக்கிறது. சொல்லியிருந்தால் இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

ரேங்க் கார்டு கேட்கிறீர்கள். என்னிடம் இருந்தது. மூன்றாம் வகுப்பில் எங்களை ரேங்க் வரிசைப்படி உட்கார வைப்பார்கள். நான் கடைசிக்கு முந்தைய வரிசை. கழித்தல் கணக்கு வராது. 402-லிருந்து 158 போனால் 356 என்று எழுதுவேன். எட்டிலிருந்து இரண்டு, ஐந்திலிருந்து பூஜ்யம், நாலிலிருந்து ஒன்று. மேலே கீழே பார்க்காமல் பெரிய எண்ணிலிருந்து சின்னதைக் கழித்துவிடுவேன். ஒவ்வொரு முறையும் சிவப்பு மையில் பெருக்கல் குறி விழும். மாதா மாதம் அப்பா கார்டில் கையெழுத்துப் போடுவார், முதுகில் இரண்டு வைப்பார். எனக்குக் கடன் வாங்கத் தெரியவில்லை என்ற ஒரு விஷயம் இரண்டு வருஷம் யாருக்கும் தெரியவில்லை. கார்டில் அதற்கு இடம் இல்லை.

கண்டுபிடித்தது அக்கா. அப்போது ஆசிரியர் பயிற்சியில் இருந்தாள். “எப்படிப் போட்டே? சொல்லிக்கிட்டே போடு” என்றாள். நான் முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. பிறகு தீக்குச்சிகளை ரப்பர் பேண்டால் பத்துப் பத்தாகக் கட்டி, நூறு குச்சிக் கட்டு ஒன்றை என் கையால் பிரிக்கச் சொன்னாள். அன்று சாயங்காலமே எனக்குக் கணக்கு வந்துவிட்டது.

அக்கா பிறகு இடைநிலை ஆசிரியை ஆனாள். அட்டைகளை வைத்துப் பிள்ளைகள் தங்கள் வேகத்தில் படிக்கும் செயல்வழிக் கற்றல் 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007-08-ல் மாநிலம் முழுக்க வந்தது. ஆந்திராவின் ரிஷிவேலியில் கிராமப் பள்ளிகளுக்காக உருவாக்கிய முறையிலிருந்து பிறந்தது அது. அந்த நாட்களில் ஒருமுறை அக்காவின் வகுப்பில் பாயில் உட்கார்ந்திருந்தேன். சுவரில் கற்றல் ஏணி, பாடங்களைப் படிப்படியாகச் சின்னங்களால் காட்டும் படம். ஒரு பையன் எழுந்து போய் ஏணியில் தன் சின்னத்தைத் தேடினான், அதே சின்னம் போட்ட அட்டையைத் தட்டிலிருந்து எடுத்துவந்தான். “இது முடிச்சிட்டேன் சார், அடுத்து இது” என்று எனக்குக் காட்டினான். பக்கத்தில் இருந்த பெண் அவனைவிடப் பல படி மேலே. அதைப் பற்றி அவனுக்கு ஒரு கவலையும் இல்லை. அட்டைகள் கிழிந்தன, ஒரே ஆசிரியர் நாலு வகுப்பைப் பார்க்க வேண்டியிருந்தது, குறைகள் இருந்தன. ஆனாலும் தான் எங்கே நிற்கிறோம் என்று ஏழு வயதுப் பிள்ளை தானே விரல் வைத்துக் காட்டியதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

2012-ல் வருஷத்தை மூன்று பருவமாகப் பிரிக்கும் முப்பருவ முறை வந்தது. பாடம் நடக்கும்போதே செய்யும் வளரறி மதிப்பீட்டுக்கு 40 மார்க், பருவ முடிவில் வரும் தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60. நோக்கம் நல்லதுதான், ஆனால் அக்காவின் இரவுகள் பதிவேடு நிரப்புவதிலேயே போயின. இப்போது செல்போன் செயலியில் பதிவேற்றுகிறார்கள். பிள்ளை வாசிக்கும்போது அதன் வாயைப் பார்க்க வேண்டிய ஆசிரியரின் கண் திரையில் சுற்றும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. இதை நான் எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்: ஒரு பிள்ளையின் எதிரே உட்கார்ந்து இரண்டு நிமிடம் அது வாசிப்பதைக் கேட்க ஆசிரியருக்கு நேரம் வேண்டும். அந்த நேரத்தைப் பிடுங்கிக்கொண்டு எத்தனை அட்டவணை கேட்டாலும், அதில் பிள்ளை இருக்காது.

அக்காவின் நோட்டில் பிள்ளைக்கு ஒரு பக்கம். மார்க்கே கிடையாது. ‘ண, ன குழப்பம்.’ ‘ஒற்றெழுத்தை விட்டுவிட்டு வாசிக்கிறான்.’ ‘பத்தைத் தாண்டினால் விரல் தேடுகிறாள்.’ ஒரு பக்கத்தில் ஜூன் மாதம் ‘பேசவில்லை’ என்று மட்டும் இருக்கிறது. ஜூலையிலும் அதே. ஆகஸ்டில் ‘மாடு என்று சொன்னாள், படத்தைப் பார்த்து.’ அதன் கீழே இரண்டு கோடு. மேலதிகாரி யாரும் கேட்காத நோட்டு இது.

சரி, உங்கள் மகன். 2005-லிருந்து அசர் (ASER) என்ற கல்வி ஆய்வுக்காரர்கள் கிராமத்து வீடுகளுக்குப் போய்ப் பிள்ளைகளை வாசிக்கச் சொல்கிறார்கள். எழுத்து, சொல், சின்னப் பத்தி, கதை என்று நாலு படி. அவ்வளவுதான். அதை நீங்களே செய்யலாம். இன்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அவன் புத்தகத்தை எடுத்துப் பக்கத்தில் உட்காருங்கள். தப்பாக வாசித்தால் திருத்தாதீர்கள், முகத்தைச் சுளிக்காதீர்கள். எங்கே நிற்கிறான் என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தாளோடு டீச்சரைப் பாருங்கள். “எப்படிப் படிக்கிறான்?” என்று கேட்டால் “வந்துருவான்மா” என்றுதான் பதில் வரும். “கொம்பு, கால் வந்தால் நின்றுவிடுகிறான், என்ன செய்யலாம்?” என்று கேளுங்கள். அப்புறம் அவர் பேசுவது வேறு மாதிரி இருக்கும். பள்ளியை மாற்றுவதையெல்லாம் அதற்குப் பிறகு யோசிக்கலாம்.

ஒரு மாதம் கழித்து எனக்கு எழுதுங்கள். அவனைப் பற்றி மட்டும்.