பழைய கார் ஹூட் லைனிங்: கேட்டவர்களுக்குப் பதில்

பண்டாரவளையில் இருபத்தெட்டு வருடமாகக் குஷன் வேலை செய்கிறேன். ஹூட் லைனிங், அதாவது காருக்குள் தலைக்கு மேலே இழுத்துக் கட்டியிருக்கும் துணி, மாற்றுவது பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் இவை.

ஹட்டனிலிருந்து: அண்ணே, அப்பாவின் மொறிஸ் மைனரில் பின்பக்கத் துணி தொப்பை போட்டுத் தொங்குது. ஊசி நூலால் பிடித்துத் தைத்துவிட்டால் போதாதா?

தைக்கலாம் தம்பி, ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. தொங்குகிற இடத்தைத் தொட்டுப் பாருங்கள். ஈரமோ பழுப்புக் கறையோ இருந்தால் பழி துணிமேல் இல்லை, பின் கண்ணாடி ரப்பர்மேல். ரப்பர் காய்ந்து இறுகியதும் மழைத்தண்ணீர் உள்ளே இறங்கி விளிம்புத் தகட்டில் தேங்கும். தகடு துருப்பிடிக்கும். துணியை ஒட்டியிருப்பதே அந்தத் தகட்டில்தான். துருவின்மேல் எந்தக் கம்மும் நிற்காது.

முதலில் தண்ணீர் வரும் வழியைக் கண்டுபிடியுங்கள். ஒருவர் டோர்ச்சுடன் உள்ளே உட்கார, இன்னொருவர் வெளியே கண்ணாடியின் கீழ் விளிம்பிலிருந்து தொடங்கி, மெதுவாக மேலே மேலே தண்ணீர் விடட்டும். எடுத்த எடுப்பில் கூரையில் ஊற்றினால் எங்கும் ஒழுகுவதுபோலத்தான் தெரியும். ரப்பரை மாற்றி, துருவைச் சுரண்டி, துருத்தடுப்புப் பெயின்ட் அடித்து, காயவிட்ட பிறகு துணிக் கடைக்குப் போங்கள். துணிக்கு வாங்கி வைத்த காசை ரப்பருக்குச் செலவழிக்க யாருக்கும் மனம் வருவதில்லை. அவர்களே அடுத்த வருடம் திரும்பி வருகிறார்கள்.

நுவரெலியாவிலிருந்து: நானே புதுத் துணி ஒட்டினேன். ஒரு வாரத்தில் ஓரமெல்லாம் கழன்றுவிட்டது. கம் போலியா?

கம் நல்லதாகவே இருந்திருக்கும். எந்த நாளில் ஒட்டினீர்கள்? இந்தக் கம் காயும்போது அதிலுள்ள திரவம் ஆவியாகிப் பூசிய இடத்தைக் குளிர வைக்கும். காற்றில் ஈரம் நிறைந்திருந்தால், குளிர்ந்த கம்மின்மேல் பனி படிவதுபோல் நீர் படியும். பார்த்தால் லேசாக வெளுத்திருக்கும். அதன்மேல் அழுத்தினால் கம்மும் கம்மும் சேராது, நடுவில் தண்ணீர்.

நானும் இப்படி மாட்டியிருக்கிறேன். உங்கள் ஊரிலேயே, ஒரு கல்யாணத்துக்கு அவசரம் என்று, மூடுபனி இறங்கிய பின்னேரத்தில் ஒரு பீட்டில் காருக்கு ஒட்டினேன். கல்யாண ஊர்வலத்தில் துணி மாப்பிள்ளையின் தலைமேல் இறங்கிவிட்டது! மறுநாளே போய்ச் சும்மா செய்துகொடுத்தேன்.

6,000 அடிக்கு மேலே இருக்கும் ஊரில் காலை பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் இடையில், வெயில் உள்ள நாளில் ஒட்டுங்கள். இரண்டு பக்கமும் மெல்லிசாகப் பூசி, விரலின் பின்புறத்தால் தொட்டால் ஒட்டாத அளவு காயவிட்டு அழுத்த வேண்டும். ஹட்டன், நுவரெலியா பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். எங்கள் பண்டாரவளை, பதுளைப் பக்கம் ஜூன் முதல் ஓகஸ்ட் வரை. உங்களுக்கு மழை கொட்டும்போது எங்களுக்கு வெயில், அதனால் காரை இங்கே ஓட்டி வந்தாலும் சரி.

கம்பளையிலிருந்து: கழற்றும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

கம்பிகளை. துணியின் பின்னால் தைத்த குழல்களுக்குள் குறுக்காக வளைந்த கம்பிகள் ஓடும். பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோல இருக்கும், ஆனால் ஒவ்வொன்றின் நீளமும் வளைவும் வேறு. கழற்றும்போதே டேப் ஒட்டி முன்னிருந்து பின்னாக 1, 2, 3 என்று எழுதுங்கள், எந்தத் துளையில் செருகியிருந்தது என்பதையும் சேர்த்து. பற்றரி வயரைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள், உள்விளக்கின் வயர் அங்கேதான் போகிறது. வெயில் மறைப்பானின் ஆணித் துளைகளில் நீண்ட ஆணியை லேசாகத் திருகி விடுங்கள். புதுத் துணி வந்த பிறகு தடவினாலே துளை எங்கே என்று கைக்குத் தெரியும்.

கையுறையும் முகமூடியும் கட்டாயம். தோட்டத்துக் கொட்டகையில் வருடக்கணக்கில் நின்ற கார் என்றால் கூரைக்குள் எலி குடும்பம் நடத்தியிருக்கும். எலிக்காய்ச்சல் விளையாட்டில்லை.

தலவாக்கலையிலிருந்து: நான் தையல் வேலை செய்கிறவள். வீட்டு மெஷினில் தைக்க முடியுமா?

தாராளமாக, அக்கா. பழைய துணியை எறியாதீர்கள், அதுதான் உங்களுக்கு வெட்டும் மாதிரி. தையலைப் பிரித்து, தேய்த்து, விரித்து வெட்டுங்கள். சுற்றிலும் 3 அங்குலம் கூடுதலாக விடுங்கள், இழுத்துப் பிடிக்க அது வேண்டும். குழல்களின் இடைவெளியை மட்டும் அப்படியே எடுக்க வேண்டும், அங்கே அரை அங்குலம் பிசகினாலும் மடிப்பு விழும். பருத்தி நூல் நம் ஈரத்தில் உக்கிவிடும், பொலியெஸ்டர் நூல் போடுங்கள். ரெக்சின் என்றால் 16 அல்லது 18 ஆம் நம்பர் ஊசி, தையல் நீளமாக. நெருக்கமாகத் தைத்தால் தபால் முத்திரைத் தாள்போல ஓட்டை வரிசையில் கிழியும். 54 அங்குல அகலத்தில் மூன்று மீற்றர் ஒரு மைனருக்குத் தாராளம் என்பது என் கைக்கணக்கு.

மாத்தளையிலிருந்து: கண்ணாடிகளைக் கழற்றாமல் செய்ய முடியாதா? உடைந்துவிடுமோ என்று பயம்.

முடியாது. துணியின் முனை கண்ணாடி ரப்பருக்கு அடியில் போகிறது. பயம் நியாயம்தான். 1956க்கு முந்திய மைனர் என்றால் முன்னால் இரண்டு தட்டைக் கண்ணாடி, உடைந்தாலும் வெட்டி வாங்கலாம். அந்த வருடம் மைனர் 1000 வந்ததோடு ஒற்றை வளைவுக் கண்ணாடி ஆகிவிட்டது, அதைத் தேடி அலைய வேண்டும். திரும்பப் போடும்போது ரப்பரின் பள்ளத்தில் ஒரு கயிற்றைச் சுற்றி, சவர்க்காரத் தண்ணீர் தடவி, வெளியே ஒருவர் உள்ளங்கையால் தட்ட, உள்ளே இருப்பவர் கயிற்றை இழுக்க வேண்டும். கண்ணாடி போட்டுப் பழகிய பாஸ் ஒருவரைக் கூப்பிடுங்கள். இதில் மட்டும் காசு பார்க்காதீர்கள்.

பதுளையிலிருந்து: மாட்டி முடித்தும் சுருக்கம் போகவில்லை.

நடுவிலிருந்து முன்னும் பின்னும் இழுத்துவிட்டு, அதன்பிறகுதான் பக்கங்களை இழுத்தீர்களா? இல்லையென்றால் ஓரத்தைக் கழற்றி மறுபடி இழுங்கள். சின்னச் சுருக்கம் என்றால் ரெக்சினுக்குத் தலைமுடி காயவைக்கும் மெஷின், துணிக்கு நீராவி. ரெக்சினுக்குத் தூரத்திலிருந்தே சூடு காட்டுங்கள்.

வட்டவளையிலிருந்து: தாத்தா பெரிய கிளாக்கராக இருந்தபோது வாங்கிய ஒஸ்டின். துணி எங்கும் கிழியவில்லை, சுருட்டுப் புகையில் மஞ்சளாகிவிட்டது. மாற்றட்டுமா?

வேண்டாம் தம்பி. மெல்லிய பிரஷ்ஷால் தூசு தட்டி, சவர்க்கார நுரையை மட்டும் பஞ்சில் எடுத்து, வெயில் மறைப்பானுக்குப் பின்னால் ஒரு மூலையில் துடைத்துப் பாருங்கள். துணி நனையக் கூடாது, பழைய நூல் விட்டுவிடும். மஞ்சள் முழுக்கப் போகாது. போகாவிட்டால் இருக்கட்டும், அது தாத்தாவின் சுருட்டு.