லெய்டன்னா செப்பேடு மட்டும் தானா?

அண்ணா வணக்கம். ஆனைமங்கலம் செப்பேடு பத்தி நீங்க எழுதினத படிச்சேன். எங்களுக்கு நெதர்லாந்துல இருக்கற லெய்டன்னாலே, அந்த செப்பேட்ட வச்சிருந்து அதுக்கு பேர் குடுத்த ஊருன்னு தான் தெரியும். அங்க இருக்கற யுனிவர்சிட்டிக்கு வேற என்ன பெருமை?
– நாகப்பட்டினத்துலேர்ந்து ஒரு வாசகன்

தம்பி வணக்கம். உங்க ஊர் புத்த விகாரத்துக்கு ராஜராஜன் ஆனைமங்கலத்த எழுதிக்குடுத்த அந்த 21 ஏடுகளால தான் நம்ம வாயில லெய்டன்ங்கற பேரே வருது, ஆனா அந்த யுனிவர்சிட்டி பொறந்த கதையே தனி. 1574ல ஸ்பெயின் படை ஊர மாசக்கணக்குல வளைச்சு வச்சிருந்துச்சு, உள்ள ஆயிரக்கணக்குல ஜனங்க பசியிலயும் நோயிலயும் செத்தாங்க. கடைசியில டச்சுக்காரங்க தங்களோட கரைகளையே வெட்டி விட்டு, வயக்காட்டுல தண்ணிய ஏத்தி, படகுல வந்து மீட்டாங்க. அந்த அக்டோபர் 3ம் தேதி வந்தா ஊர்ல இன்னிக்கும் ஹெர்ரிங் மீனும் வெள்ளை ரொட்டியும் சாப்பிடுவாங்க. அப்படி தாக்குப்பிடிச்ச ஊருக்கு ஸ்பெயின எதிர்த்த டச்சுக்காரங்களோட தலைவர், ஆரஞ்சு இளவரசர் வில்லியம் குடுத்த பரிசு தான் இந்த யுனிவர்சிட்டி, 1575 பிப்ரவரில ஆரம்பிச்சது, நெதர்லாந்துல இது தான் முதல்ல வந்தது.

சயின்ஸ்னு பாத்தா, காமர்லிங் ஓன்னஸ்ங்கற விஞ்ஞானி 1908ல ஹீலியம் வாயுவ குளிர வச்சு திரவமாக்கினது இங்க தான், 1911ல அந்தக் குளிர்ல பாதரசத்த வச்சு பாத்தா கரண்டுக்கு இருக்கற தடையே காணாம போயிடுச்சு. எம்ஆர்ஐ மெஷின்ல இருக்கற காந்தம் வேலை செய்யறது இதனால தான்.

ஆனா எனக்கு லெய்டன்னா 1940 நவம்பர் 26 தான். நாடு நாஜிகள் கையில. யூதர்ங்கற ஒரே காரணத்துக்காக சட்டப் பேராசிரியர் மெய்யர்ஸ வேலைய விட்டு எடுத்துட்டாங்க. அவர்கிட்ட படிச்ச க்ளேவரிங்கா, சட்டத்துறை டீன், மெய்யர்ஸ் கிளாஸ் எடுக்கவேண்டிய அதே நேரத்துல பெரிய ஹால்ல எந்திரிச்சு நின்னாரு. முதல்ல அந்த டிஸ்மிஸ் லெட்டர அப்படியே படிச்சாரு. அப்புறம் ஒரு திட்டு கூட இல்லாம, தன் குரு எப்பேர்ப்பட்ட அறிஞர், என்னென்ன எழுதினாருன்னு ஒண்ணொண்ணா நிதானமா சொன்னாரு, கேட்டவங்களுக்கு எல்லாம் புரிஞ்சுபோச்சு. முடிச்சதும் பசங்க தேசிய கீதம் பாடினாங்க, பேச்ச டைப் அடிச்சு காப்பி எடுத்து ஊரெல்லாம் பரப்பினாங்க, ஸ்ட்ரைக்கும் பண்ணாங்க. மறுநாளே க்ளேவரிங்காவ அரெஸ்ட் பண்ணி ஜெயில்ல போட்டாங்க, யுனிவர்சிட்டியயும் இழுத்து மூடிட்டாங்க.

கைது ஆவோம்னு தெரிஞ்சே தான் அவர் அங்க போய் நின்னாரு, அதான் தம்பி எனக்கு இந்த இடத்து மேல இவ்வளவு மரியாதை. மெய்யர்ஸ் வதைமுகாம் வரைக்கும் போய் உயிரோட திரும்பி வந்தாரு, போருக்கு அப்புறம் நாட்டோட புது சிவில் சட்டத்த எழுதற வேலைய அவர்கிட்டயே குடுத்தாங்க. நவம்பர் 26 வந்தா க்ளேவரிங்கா பேர்ல இன்னிக்கும் லெக்சர் நடக்குது.