சுள்ளியைத் தட்டும் குட்டி மரங்கொத்தி: கேள்வி பதில்

எங்கள் வீட்டு முருங்கையில் சிட்டுக்குருவி அளவில் ஒரு மரங்கொத்தி வருகிறது. பொன்முதுகு மரங்கொத்தியின் குஞ்சாக இருக்குமோ?
வாசகி, கன்னங்குறிச்சி

குஞ்சு இல்லைங்க. மரங்கொத்திக் குஞ்சுகள் பொந்தை விட்டு வெளியே வரும்போதே கிட்டத்தட்டத் தாய் தகப்பன் அளவுக்கு வளர்ந்திருக்கும். நீங்கள் பார்த்தது முழுசாக வளர்ந்த பறவைதான். அந்த இனத்தின் உயரமே அவ்வளவுதான். குட்டி மரங்கொத்தி. அலகு நுனியிலிருந்து வால் நுனி வரை 13 செ.மீ., எடை 13 முதல் 17 கிராம். பொன்முதுகில் பாதி தேறினால் அதிகம்.

உச்சந்தலை பழுப்பு. முதுகில் கரும்பழுப்பும் வெள்ளையும் பட்டை பட்டையாக ஓடும். கண்ணுக்குப் பின்னால் ஒரு பழுப்புப் பட்டை, அதற்கு மேலே ஒரு வெள்ளைக் கோடு. அடுத்த முறை வந்தால் கண்ணைப் பாருங்கள்: கண்மணியைச் சுற்றி வெளிறிய வெள்ளை, நம்மை முறைக்கிற மாதிரியே இருக்கும். ஆணுக்கு உச்சந்தலையின் பின்பக்கம் இரண்டு ஓரத்திலும் மெல்லிய சிவப்புக் கீற்று உண்டு. ஆனால் காற்றில் இறகு விலகினால்தான் தெரியும். இத்தனை வருஷத்தில் நான் அதைத் தெளிவாகப் பார்த்தது நாலைந்து தடவைதான்.

எங்கள் வீட்டிலும் முருங்கைக்குத்தான் வரும். ஒருநாள் கொடியில் காய்ந்த வேட்டிமேல் மரத்தூள் உதிர்ந்து கிடந்தது. நிமிர்ந்து பார்த்தால், பென்சில் பருமன் காய்ந்த சுள்ளியில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு தட்டுகிறது. எடை குறைவாக இருப்பதில் இதுதான் லாபம். பெரிய மரங்கொத்தி கால் வைக்க முடியாத சுள்ளியெல்லாம் இதற்கு மேய்ச்சல் நிலம்.

நாகலூர் பக்கம் காபித் தோட்டம் வைத்திருக்கிறோம். இந்தப் பறவை செடியைக் கெடுக்குமா, இல்லை தண்டுத் துளைப்பானைத் தின்று உதவுமா?
வாசகர், ஏற்காடு

கெடுக்காது. அது கொத்துகிற இடத்தில் பெரும்பாலும் பூச்சி முன்னாலேயே குடியேறியிருக்கும். எறும்பு, கம்பளிப்புழு, சின்ன வண்டுகளின் புழு, இவைதான் இதன் சாப்பாடு. கூடவே கொஞ்சம் பழமும் பூந்தேனும்.

ஆனால் தண்டுத் துளைப்பானுக்கு இதை நம்பி உட்காராதீர்கள். அந்த வண்டு தண்டின் பட்டை வெடிப்பில் முட்டையிடும். புழு கட்டைக்குள் போய்விடும். பென்சில் சுள்ளியில் பிழைக்கிற பறவைக்கு அது எட்டாத ஆழம். வழக்கமான வேலைகளை விடக் கூடாது: தண்டின் பழைய பட்டையைத் தேய்த்து எடுப்பது, நிழலைக் குறைக்காமல் பார்த்துக்கொள்வது, தாக்கப்பட்ட செடியை வண்டு வெளிவருவதற்கு முன் பிடுங்கி எரிப்பது. அராபிகா வகைக் காபி என்றால் இரட்டைக் கவனம்.

நிழல் என்றதும் ஒன்று. சில்வர் ஓக் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம். அது மட்டுமே வரிசை கட்டி நிற்கும் எஸ்டேட்டில் மணிக்கணக்காக நடந்து, கழுத்து வலியோடு திரும்பியிருக்கிறேன். பலாவும் அத்தியும் கல்யாண முருங்கையும் கலந்து நிற்கும் தோட்டத்தில் கால் மணி நேரம் நின்றால் போதும். பட்டாணிக் குருவி மாதிரியான சின்னப் பறவைகளின் கூட்டத்தோடு சேர்ந்து இதுவும் வந்துவிடும், பல நேரம் ஜோடியாகவே.

இப்படி முட்டிக்கொண்டே இருந்தால் மூளை கலங்காதா?
பத்தாம் வகுப்பு மாணவர், அஸ்தம்பட்டி

மண்டையோடு பஞ்சு மாதிரி அதிர்ச்சியை உறிஞ்சிவிடும் என்று ரொம்ப நாளாகச் சொல்லிவந்தார்கள். 2022இல் வெளியான ஓர் ஆய்வு, மரங்கொத்திகள் கொத்துவதை வேகப் படமெடுத்து அளந்தது. அப்படி உறிஞ்சினால் அடியின் பலம்தான் வீணாகும்; தலை ஒரு கெட்டியான சுத்தியல் மாதிரிதான் வேலை செய்கிறது என்று தெரிந்தது. மூளை ரொம்பச் சின்னது என்பதால் அந்த அடியைத் தாங்கிக்கொள்கிறது.

பட்டுப்போன மாங்கிளை ஒன்றில், அடிப்பக்கமாக ஒரு ஓட்டை. அதற்குள் இந்தப் பறவை போய் வருகிறது. கிளையை வெட்டலாமா?
வாசகர், ஏற்காடு அடிவாரம்

இப்போது வேண்டாம். அது கூடு. பிப்ரவரியிலிருந்து ஜூலை வரைக்கும் இனப்பெருக்க காலம். பட்டுப்போன, உளுத்த கிளையாகத்தான் தேடும். இந்தச் சின்ன அலகால் வைரம் பாய்ந்த கட்டையைக் குடைய முடியுமா? வாசல் இரண்டு விரல் சேர்த்து நுழைகிற அளவு. கிளையின் அடிப்பக்கமாக இருப்பதால் மழைத் தண்ணீர் உள்ளே இறங்காது. உள்ளே மெத்தை எதுவும் கிடையாது, குடைந்த தூள்மேலேயே மூன்று நான்கு வெள்ளை முட்டைகள். அடைகாப்பதும் இரை கொடுப்பதும் ஆணும் பெண்ணும் சேர்ந்துதான்.

ஆடி முடியட்டும். அதற்குப் பிறகும், கிளை கூரைமேலோ கரண்ட் கம்பிமேலோ விழும் என்ற பயம் இருந்தால் மட்டும் வெட்டுங்கள். இல்லையென்றால் விட்டுவிடுங்கள். மரங்கொத்தி காலி செய்த பொந்துக்குப் பட்டாணிக் குருவி குடிவரலாம். அதற்குச் சொந்தமாகக் குடையத் தெரியாது.

இதைவிடச் சின்ன மரங்கொத்தி இந்தியாவில் உண்டா?
வாசகர், ஓமலூர்

உண்டு. பிக்குலெட் என்ற வகை, 10 செ.மீ.தான். மற்ற மரங்கொத்திகள் விறைத்த வாலை மூன்றாம் கால் மாதிரி மரத்தில் ஊன்றிக்கொள்ளும். இதன் வால் குட்டை, ஊன்றவும் உதவாது.

மத்தியானம் முழுக்க 'டொங்க் டொங்க்' என்று பாத்திரம் தட்டுகிற மாதிரி சத்தம். இந்தக் குட்டி மரங்கொத்தியா?
வாசகி, ஃபேர்லேண்ட்ஸ்

இல்லை, அது குக்குறுவான். பச்சை உடம்பு, சிவந்த நெற்றி. சத்தம் தொண்டையிலிருந்து வருகிறது. நம் ஆள் தட்டினால் மரத்தடியில் நின்றால்தான் காதில் விழும்; கூப்பிட்டால் 'கிர்ர்ர்ர்' என்று ஒரே இழுப்பு.