ரோமிங் பில் பயமில்லாமல் வெளிநாடு போய் வர: கேள்விகளும் பதில்களும்

வெளிநாட்டுப் பயணத்தில் போன் செலவு பற்றி வந்த கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் எழுதுகிறேன். ரோமிங் என்றால் உங்கள் சிம் வெளிநாட்டில் அங்குள்ள வேறொரு நிறுவனத்தின் நெட்வொர்க்கில் ஓடுவது. பதில்களுக்கெல்லாம் அடிப்படையான ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதிர்ச்சி தரும் பில்களில் பெரும்பாலானவை நாம் பேசியதால் வருவதில்லை. போன் நம்மைக் கேட்காமல் பின்னணியில் இழுக்கும் டேட்டாவால்தான் வருகின்றன: போட்டோ பேக்கப், ஆப் அப்டேட், தானாக ஓடும் வீடியோ. அதனால் சொந்த ஊர் சிம் பழைய நம்பர் வேலை செய்வதற்கு மட்டும், டேட்டாவுக்கு வேறு வழி என்று கிளம்புவதற்கு முன்பே பிரித்து வைத்துவிடுங்கள்.

கேள்வி: டேட்டா ரோமிங்கை அணைத்துவிட்டால் போதும்தானே சார்?

டேட்டாவுக்குப் போதும். அழைப்புகளுக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் அந்த பட்டனோடு சம்பந்தமே இல்லை. ரோமிங்கில் இருக்கும்போது வரும் அழைப்பை எடுத்தாலும் பெரும்பாலான திட்டங்களில் உங்களுக்குக் காசு போகும். கூப்பிடுபவர் உங்கள் சொந்த நாடு வரைக்கும்தான் கட்டணம் கட்டுகிறார், அங்கிருந்து நீங்கள் இருக்கும் நாடு வரையிலான தூரம் உங்கள் கணக்கு. முக்கியமானவர்களிடம் "வாட்ஸ்அப்பில் கூப்பிடுங்கள்" என்று முன்பே சொல்லி வைத்துவிடுங்கள்.

கேள்வி: நான் போனை எடுக்கவே இல்லை. ஆனாலும் ஒரே மிஸ்டு காலுக்கு பில்லில் இரண்டு கட்டணம் இருக்கிறது. எப்படி?

வாய்ஸ்மெயில்தான் (நீங்கள் எடுக்காதபோது கூப்பிட்டவரின் செய்தியைப் பதிவு செய்யும் வசதி) காரணமாக இருக்கும். அழைப்பு நீங்கள் இருக்கும் நாட்டுக்கு வருகிறது, நீங்கள் எடுக்கவில்லை, உடனே அது திரும்பவும் சொந்த நாட்டில் இருக்கும் வாய்ஸ்மெயில் பெட்டிக்குத் திருப்பிவிடப்படுகிறது. ஆக வந்ததற்கு ஒன்று, திரும்பிப் போனதற்கு ஒன்று. "எடுக்காவிட்டால் திருப்பு", "பிஸியாக இருந்தால் திருப்பு" என்ற வகை ஃபார்வர்டிங்தான் இந்த வம்பைச் செய்யும். எல்லா அழைப்பையும் நிபந்தனையில்லாமல் திருப்பி வைத்திருந்தால் அது சொந்த நாட்டிலேயே திரும்பிவிடும், உங்களைத் தேடி வெளிநாட்டுக்கு வராது. கிளம்புவதற்கு முன் ##002# என்று டயல் செய்தால் பெரும்பாலான நெட்வொர்க்குகளில் எல்லா ஃபார்வர்டிங்கும் ரத்தாகிவிடும். இதை ஊரில் இருக்கும்போதே செய்துவிடுங்கள்.

கேள்வி: வங்கி ஓடிபி வர வேண்டும், அதனால் பழைய சிம்மைக் கழற்ற முடியாது. என்ன செய்வது அண்ணா?

கழற்ற வேண்டாம். அதை ஆனிலேயே வைத்து, அதன் டேட்டாவை மட்டும் அணைத்துவிடுங்கள். ரோமிங்கில் எஸ்எம்எஸ் பெறுவது பெரும்பாலும் இலவசம், ஆனால் உங்கள் திட்டத்தில் அப்படித்தானா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பலர் கோட்டை விடுவது வேறு இடத்தில். சர்வதேச ரோமிங் சேவையே சிம்மில் இயக்கப்படாமல் இருந்தால், அங்கே இறங்கியதும் சிக்னலே வராது, ஓடிபியும் வராது. சேவையை இயக்குவது வேறு, ரோமிங் பேக் வாங்குவது வேறு. ஓடிபிக்கு மட்டும் என்றால் பல நிறுவனங்களில் முதலாவதே போதும். வங்கி ஆப்பிலேயே உறுதிசெய்யும் வசதி இருந்தால் அதையும் ஊரிலேயே அமைத்துவிடுங்கள்.

கேள்வி: இசிம் வாங்கச் சொல்கிறார்கள். வாங்கினேன், ஆனால் நெட் வரவில்லை. டேட்டா ரோமிங்கை ஆன் செய்யச் சொல்கிறார்கள், பயமாக இருக்கிறது.

இந்தக் குழப்பம் நிறையப் பேருக்கு இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இசிம் என்பது தனி அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே நிறுவிக்கொள்ளும் சிம். பயணிகளுக்கான இசிம்களில் பல உண்மையில் வேறொரு நாட்டு நிறுவனத்துடையவை, நீங்கள் போகும் நாட்டில் அவையும் ரோமிங்கில்தான் ஓடும், அதனால் அந்த லைனுக்கு டேட்டா ரோமிங் ஆன் ஆகத்தான் இருக்க வேண்டும். முன்பணம் கட்டி வாங்கியது என்பதால் தீர்ந்தால் நின்றுவிடுமே தவிர பில் வராது. ஆஃப் ஆக இருக்க வேண்டியது உங்கள் சொந்த சிம்மின் டேட்டா ரோமிங். இரண்டு லைனுக்கும் தனித்தனி பட்டன் உண்டு, எந்த லைனைத் திறந்து வைத்திருக்கிறீர்கள் என்று பார்த்துத் தொடுங்கள்.

அப்புறம், ஒரு லைனில் சிக்னல் குறைந்தால் டேட்டாவுக்கு இன்னொன்றுக்குத் தானாகத் தாவும் வசதி பல போன்களில் இருக்கிறது. அதைக் கட்டாயம் அணையுங்கள். எல்லாம் சரியாகச் செய்தவர்களும் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

வாங்குவதற்கு முன் *#06# டயல் செய்யுங்கள். ஐஎம்இஐ எண்ணோடு (போனின் அடையாள எண்) இஐடி (இசிம் சிப்பின் அடையாள எண்) என்று ஒன்றும் காட்டினால் போன் இசிம்மை ஏற்கும். ஒரு நிறுவனத்துக்கே பூட்டப்பட்ட போன் என்றால் இசிம் வசதி இருந்தாலும் பயனில்லை, முதலில் பூட்டை எடுக்க வேண்டும். கியூஆர் கோடை வீட்டு வைஃபையில் ஸ்கேன் செய்து நிறுவிவிட்டே கிளம்புங்கள், ஏனென்றால் நிறுவுவதற்கே நெட் வேண்டும். பல இசிம்களில் அந்த கோடு ஒரு முறைதான் வேலை செய்யும், அதனால் நெட் வரவில்லையே என்று அவசரப்பட்டு அழித்துவிடாதீர்கள்.

கேள்வி: சொந்த நிறுவனத்தின் டே பாஸ் நல்லதா, இசிம் நல்லதா?

ஓரிரு நாள் பயணம், அதே நம்பரில் நிறையப் பேச வேண்டும் என்றால் டே பாஸ், அதாவது நாள் கணக்கில் கட்டணம் எடுக்கும் ரோமிங் திட்டம். அதற்கு மேல் போனால் நான் இசிம் அல்லது அந்த நாட்டு சிம்மைத்தான் சொல்வேன். பல டே பாஸ்கள் சில கிலோபைட் டேட்டா போனாலே அன்றைய கட்டணத்தை முழுதாக எடுத்துவிடும், நீங்கள் போனைத் தொட்டிருக்கவே வேண்டாம். நாள் என்பது 24 மணி நேரமா, நள்ளிரவு வரையா, நள்ளிரவு என்றால் எந்த நாட்டு நேரப்படி என்பதையும் படித்துப் பாருங்கள்.

கேள்வி: சிம் மாற்றினால் வாட்ஸ்அப் போய்விடுமா?

போகாது. நம்பரை மாற்றவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள், பழைய நம்பரிலேயே ஓடும்.

கேள்வி: ஐரோப்பாவில் ரோமிங் இலவசம் என்கிறார்களே?

ஐரோப்பிய ஒன்றிய நாட்டு சிம் வைத்திருப்பவர்களுக்குத்தான். ஒன்றியத்துக்குள் கூடுதல் ரோமிங் கட்டணம் கூடாது என்ற விதி 2017 ஜூன் 15 முதல் நடைமுறையில் இருக்கிறது, 2032 வரை நீட்டித்திருக்கிறார்கள். வெளியிலிருந்து போகும் உங்கள் சிம்முக்கு இது பொருந்தாது. ஆனால் முதலில் இறங்கும் ஒன்றிய நாட்டில் ஒரு சிம் வாங்கினால், நியாயமான பயன்பாட்டு வரம்புக்குள் மற்ற ஒன்றிய நாடுகளிலும் அதையே ஓட்டலாம். நார்வே, ஐஸ்லாந்து, லீக்டன்ஸ்டைனும் இதில் சேரும். சுவிட்சர்லாந்து சேராது, பிரிட்டனும் இப்போது வெளியே. ரயிலில் எல்லை தாண்டும்போது இதை மறக்க வேண்டாம்.

கேள்வி: சொகுசுக் கப்பலில் போகிறோம். பேக் போட்டிருக்கிறோம், போதுமா?

போதாது. கடலுக்குள் போனதும் போன் பிடிப்பது கப்பலில் இருக்கும் செயற்கைக்கோள் வழி நெட்வொர்க்கை, அது எந்த நாட்டுப் பேக்கிலும் சேராது, விலையும் மிக அதிகம். விமானத்துக்குள் கிடைக்கும் மொபைல் நெட்வொர்க்கும் இதே வகை. கப்பல் துறைமுகத்தை விட்டதும் ஏரோபிளேன் மோடில் போட்டு, வைஃபையை மட்டும் ஆன் செய்யுங்கள். எல்லையோர ஊர்களில் தங்கினால் பக்கத்து நாட்டு டவரைப் போன் பிடித்துவிடும், அங்கே நெட்வொர்க் தேர்வைத் தானியங்கியிலிருந்து மாற்றி நீங்களே தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: வைஃபை காலிங் இருந்தால் எல்லா அழைப்பும் உள்ளூர்க் கட்டணம்தானே?

வைஃபை காலிங் என்பது டவருக்குப் பதிலாக வைஃபை வழியாக உங்கள் நம்பரிலேயே பேசும் வசதி. சொந்த நாட்டு எண்களுக்குப் பல நிறுவனங்கள் அப்படித்தான் கணக்கிடுகின்றன, சில நிறுவனங்கள் வெளிநாட்டில் அனுமதிப்பதே இல்லை. ஆனால் நீங்கள் தங்கியிருக்கும் ஓட்டலுக்கே கூப்பிட்டால், சொந்த நாட்டிலிருந்து வெளிநாட்டுக்குப் பேசிய அழைப்பாக அது பதிவாகும். வைஃபையில் இருப்பதாக நினைத்து டவர் வழியாகப் போய்விடாமல் இருக்க, ஏரோபிளேன் மோடில் வைத்தே பேசுங்கள்.

கேள்வி: போனில் எல்லாம் சரியாக வைத்தும் டேட்டா வேகமாகத் தீர்கிறது.

லேப்டாப்பை ஹாட்ஸ்பாட்டில் இணைத்தீர்களா? அதற்கு அது சாதாரண வைஃபை, பெரிய அப்டேட்டுகளை இறக்க ஆரம்பித்துவிடும். லேப்டாப்பில் அந்த இணைப்பை அளவிடப்பட்ட இணைப்பு (மீட்டர்டு கனெக்சன்) என்று குறித்து வையுங்கள். தனி இசிம் உள்ள ஸ்மார்ட் வாட்ச் இருந்தால் அதன் செல்லுலாரையும் அணையுங்கள், இதை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். மேப்பை வைஃபையிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஏற்கனவே பெரிய பில் வந்துவிட்டது, ஊருக்குத் திரும்பியும் இன்னும் ஏறுகிறது. வழி இருக்கிறதா?

அங்கிருந்த நெட்வொர்க் தன் கணக்கை உங்கள் நிறுவனத்துக்குப் பிறகுதான் அனுப்பும், அதனால் பழைய பயன்பாடே தாமதமாக வந்து சேரும். பதறாமல், தேதி, நேரம், நெட்வொர்க் பெயர் எல்லாம் வரும் விரிவான பில்லைக் கேட்டு வாங்குங்கள். விமானம் ஏறிய பிறகான நேரம், நீங்கள் போகாத நாட்டின் பெயர், ஒரே அழைப்புக்கு இரட்டைக் கட்டணம் இவற்றைத் தேடி, போர்டிங் பாஸோடு எழுத்து மூலமாகப் புகார் கொடுங்கள். போனில் பேசி மட்டும் விட்டுவிடாமல் புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பு வரை போக வேண்டி வந்தால் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.