பழைய சாலிட் இங்க் பிரிண்டர் மலிவாக வருகிறது, வாங்கலாமா?

கேள்வி: ஜெராக்ஸ் கடை நடத்துகிறேன். ஜெராக்ஸ் கம்பெனியின் சாலிட் இங்க் பிரிண்டரான கலர்க்யூப் 8570 ஒன்று செகண்ட் ஹேண்டில் மலிவாக வருகிறது. மெழுகுக் கட்டியில் ஓடுவதால் டோனர் செலவே இல்லை என்கிறார் புரோக்கர். ஐடி கார்டு, பள்ளிச் சான்றிதழ் அடிக்கச் சரிவருமா?

பதில்: உங்கள் வேலைக்குச் சரிவராது.

இந்த மெஷினில் இங்க் என்பது கிரேயான் மாதிரியான நாலு நிறக் கட்டிகள். கட்டி உள்ளே உருகி, பிரிண்ட் ஹெட் வழியாக டிரம் என்கிற சூடான உருளையின் மேல் தெறிக்கும். டிரம்மில் லேசாக எண்ணெய் பூசியிருக்கும், அதனால் படம் அதில் ஒட்டிக்கொள்ளாமல் தாளுக்கு மாறி உடனே இறுகிவிடும். தாளுக்குள் அதிகம் ஊறாது. அதனால்தான் மட்டமான தாளில்கூட நிறம் பளிச்சென்று விழுகிறது, அந்தப் பளபளப்பைக் காட்டித்தான் விற்கவும் செய்கிறார்கள்.

ஆனால் தாளில் நிற்பது மெழுகு. ஐடி கார்டைச் சூடான லேமினேஷனில் விட்டால் எழுத்து இளகிக் கலங்கும். சான்றிதழில் நிறம் விழுந்த இடத்தில் தலைமை ஆசிரியர் கையெழுத்துப் போட்டால் பேனா வழுக்கும், நகம் பட்டால் பெயரும். லெட்டர்பேடு அடித்துக் கொடுத்தீர்களோ, வாங்கினவர் அதை லேசர் பிரிண்டரில் விட்டதும் உங்கள் மெழுகு அவர் மெஷினுக்குள் உருகி ஒட்டும். அப்புறம் சண்டைக்கு உங்கள் கடைக்குத்தான் வருவார்.

டோனர் செலவு இல்லையாம்! மெஷினை அணைத்து மறுபடி போட்டால், ஹெட்டைச் சுத்தம் செய்ய எல்லா நிறத்திலும் கொஞ்சம் இங்கை வெளியே தள்ளும். கீழே வேஸ்ட் டிரேயை இழுத்துப் பாருங்கள், கறுத்த மெழுகு கட்டியாக உறைந்து கிடக்கும், அது அத்தனையும் காசு. நம் ஊர் கரண்ட் போய்ப் போய் வருகிற லட்சணத்தில் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இங்க் கட்டியும் மாடலுக்கு மாடல் வேறு. டிரம்முக்கு எண்ணெய் பூசுகிற மெயின்டனன்ஸ் கிட்டும் தீர்ந்தால் மாற்றியாக வேண்டும்.

புரோக்கர்கள் செய்கிற ஒரு வேலை எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கண்ணெதிரே அழகாகப் பிரிண்ட் எடுத்துக் காட்டி, சூடு ஆறுவதற்குள் தூக்கி ஆட்டோவில் ஏற்றிவிடுவார்கள். உருகிய மெழுகு உள்ளே சிந்தி இறுகிவிடும், வீட்டில் இறக்கினால் மெஷின் காலி. மெனுவில் ஷட்டவுன் கொடுத்து முழுசாக ஆறவிட்ட பிறகுதான் அசைக்கவே வேண்டும். பின்பக்க லேபிளையும் பாருங்கள், அமெரிக்க ஆபீஸ்கள் கழித்த 110 வோல்ட் மெஷினை உங்கள் தலையில் கட்டிவிடப் போகிறார்கள்.

யாருக்குத்தான் இது உதவும் என்றால், நாள் முழுக்க மெஷினை அணைக்காமல், லேமினேஷனும் கையெழுத்தும் தேவைப்படாத கலர் சார்ட், நோட்டீஸ் தினமும் கட்டுக்கட்டாக அடிக்கிறவர்களுக்கு. தினமும் என்றால் தினமும்தான், வாரத்துக்கு ரெண்டு நாள் வேலை வருகிறவர்கள் இதில் சேர்த்தி இல்லை. அவர்கள்கூட இங்க் கட்டியும் மெயின்டனன்ஸ் கிட்டும் கைவசம் இருந்தால் மட்டும் யோசிக்கலாம். டெக்ட்ரானிக்ஸ் என்ற அமெரிக்கக் கம்பெனி வளர்த்த இந்தத் தொழில்நுட்பத்தை 2000-இல் வாங்கிய ஜெராக்ஸ் கம்பெனி, தயாரிப்பை நிறுத்திப் பல வருடம் ஆகிறது. விற்கும்வரை விற்றுவிட்டு, பாகத்துக்கு அலைய வேண்டியது வாங்கினவர் பாடு என்று விடுவது என்ன நியாயம்?

இதே பணத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து, உங்கள் ஊரிலேயே சர்வீஸ் ஆள் இருக்கிற கலர் லேசர் ஒன்றைப் பில்லோடு வாங்குங்கள்.