வாசலுக்கு வரும் கூரைக்காரரிடம் கையெழுத்து போடாதீர்கள், தம்பி

தம்பி, ஊர் சென்னை கொருக்குப்பேட்டை என்று நீங்கள் எழுதியிருந்ததைப் பார்த்ததும் மற்ற வேலையை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். நான் தண்டையார்பேட்டை. லீவில் வந்திருக்கிறேன், அம்மா வீட்டு மொட்டை மாடியிலிருந்துதான் இதை எழுதுகிறேன். நீங்கள் அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாநிலத்து டல்லாஸுக்கு வந்து எட்டு மாதம், வீடு வாங்கி மூன்று மாதம். செவ்வாய்க்கிழமை ஆலங்கட்டி மழை. வியாழக்கிழமை ஒருவர் கதவைத் தட்டி, கூரை போச்சு, இன்சூரன்ஸில் இலவசமாகப் புதுசு போட்டுத் தருகிறேன் என்றிருக்கிறார். உங்கள் மனைவியும் அவருடைய டேப்லட்டில் கையெழுத்து போட்டுவிட்டார். நம்பலாமா என்று கேட்கிறீர்கள். கூடவே எந்தப் பள்ளி நல்லது, பழைய கார் வாங்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அதைச் சொல்ல நூறு பேர் இருக்கிறார்கள். நான் அடிபட்டது கூரையில், அதனால் கூரையை மட்டும் சொல்கிறேன்.

முதலில் அந்தக் கையெழுத்து. வீட்டு வாசலில் வந்து விற்பவரிடம் போட்ட ஒப்பந்தத்தை மூன்றாவது வேலை நாள் நள்ளிரவுக்குள் ரத்து செய்ய அமெரிக்க மத்தியச் சட்டத்தில் இடம் இருக்கிறது. சனிக்கிழமையும் வேலை நாள் கணக்குதான், ஞாயிறும் அரசு விடுமுறையும் சேராது. வியாழன் போட்டதற்கு வெள்ளி, சனி, திங்கள். ஆக உங்களுக்குத் திங்கள் நள்ளிரவு வரை நேரம் இருக்கிறது. "வெறும் இன்ஸ்பெக்ஷனுக்கு அனுமதிதான்" என்று அவர் சொன்னதை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். அந்தப் பக்கங்களைக் கீழே வரை தள்ளிப் படியுங்கள். இன்சூரன்ஸ் பணம் கொடுத்தால் வேலை எங்களுக்கே, நீங்கள் வேலை தர மறுத்தால் இத்தனை சதவீதம் கட்ட வேண்டும் என்று அநேகமாக உள்ளே இருக்கும்.

நானும் உங்களை மாதிரிதான் போனேன். வந்தது 2003இல். சொந்த வீடு வாங்கி முதல் வருடமே ஆலங்கட்டி அடித்தது. தமிழ்ச் சங்கத்தில் பழகிய ஒருவர், "நம்ம ஆளு மாதிரி, தைரியமாகக் கொடுங்க" என்று ஒரு கம்பெனியைச் சொன்னார். 4,000 டாலர் முன்பணம் கொடுத்தேன். ஒரு காலையில் ஆறு பேர் வந்து பின்பக்கச் சரிவு முழுக்கப் பிரித்துப் போட்டார்கள். மத்தியானம் நீலத் தார்ப்பாய் ஒன்றை விரித்து நாலு மூலையில் ஆணி அடித்து, சாமான் வரவில்லை, நாளைக்கு வருகிறோம் என்று போனவர்கள்தான். போன் அணைந்துவிட்டது. மூன்றாம் நாள் இரவு காற்றில் தார்ப்பாய் படபடவென்று அடித்துக்கொண்டே இருந்தது, பிறகு மழை. குழந்தையின் தொட்டிலை ஹாலுக்கு இழுத்துவிட்டு, அண்டாவையும் குக்கரையும் படுக்கையறையில் வரிசையாக வைத்தோம். காலையில் சீலிங் பலகை ஊறி, தோசை மாதிரி தொங்கியது. கையால் தொட்டதும் பிய்ந்து வந்தது.

ஆளைச் சொன்னவருக்கு அந்தக் கம்பெனி ஒரு வீட்டுக்கு 250 டாலர் என்று கமிஷன் கொடுத்தது பிறகுதான் தெரிந்தது. இன்றைக்கும் எனக்கு அது ஆறவில்லை. நம்மவர்கள் தமிழில் பேசினால் போதும் என்று நம்புகிறோம், அதையே சிலர் வியாபாரமாக்கிவிட்டார்கள். யாராவது ஆளைச் சொன்னால், "உங்களுக்கு இதில் ஏதாவது வருமா?" என்று முகத்துக்கு நேராகக் கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

இந்த மொட்டை மாடியைத் தளம் போட்டபோது எனக்குப் பத்து வயது. செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, பெண்கள் வரிசையாகக் குந்தி உட்கார்ந்து மரக்கட்டையால் நாள் கணக்கில் தட்டினார்கள். நடுநடுவே கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்தார்கள், அந்த வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது. அதற்கு மேல் தட்டை ஓடு பதித்தார்கள். மேஸ்திரி பின்தெருவில்தான் குடியிருந்தார். ஐப்பசியில் ஒரு மூலை ஓதம் அடித்ததும் அப்பா அவர் வீட்டு வாசலில் போய் நின்றார், அடுத்த நாளே மனிதர் கரண்டியோடு வந்துவிட்டார். டல்லாஸிலும் நான் தேடுவது அப்படிப்பட்ட ஒருவரைத்தான். ஒழுகினால் போய் நிற்க ஒரு வாசல் இருக்க வேண்டும்.

டெக்ஸாஸில் கூரை வேலைக்கு மாநில லைசன்ஸே கிடையாது. அதனால் "நாங்கள் லைசன்ஸ் உள்ளவர்கள்" என்று சொன்னால் அங்கேயே சந்தேகப்படுங்கள். பல வருடமாக ஒரே ஊரில் கடை இருக்கிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள். அவருடைய காப்பீட்டுச் சான்றிதழை அவர் கையால் வாங்காமல், அவருடைய ஏஜென்டே உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடு அங்கே தனியார் முதலாளிகளுக்குக் கட்டாயமில்லை, அதையும் தனியாகக் கேளுங்கள்.

மேலே ஏறி எடுத்த போட்டோவைக் காட்டி பயமுறுத்துவார்கள். சுத்தியலால் தட்டிப் பள்ளம் உண்டாக்குகிறவர்களும் இருக்கிறார்கள். ஆலங்கட்டி வரிசை பார்த்து விழாது. கூரை அடிபட்டிருந்தால் ஏசி வெளி யூனிட்டின் தகடு, தகரக் குழாய், கூரை ஓரத்து மழைநீர்க் கால்வாய் எல்லாவற்றிலும் பெரும்பாலும் நசுங்கல் இருக்கும். நான் இப்போதெல்லாம் ஏணி போட்டு நானே பார்த்துவிடுவேன். மேலே ஷிங்கிள் என்கிற தார் ஓடு, அதன் கீழே தார்க் காகிதம், அதன் கீழே பலகை, சுவர் சேரும் இடத்தில் தண்ணீர் இறங்காமல் தடுக்கும் பிளாஷிங் தகடு என்று எஸ்டிமேட்டை வரி வரியாகப் படிப்பேன். கூரைக்காரர் கணக்கில் 100 சதுர அடி ஒரு ஸ்கொயர், அதையும் நானே அளந்து சரிபார்ப்பேன்.

"டிடக்டிபிள் நீங்கள் கட்ட வேண்டாம், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்றால் கதவைச் சாத்துங்கள். டிடக்டிபிள் என்பது சேதச் செலவில் நீங்களே கட்ட வேண்டிய பங்கு. வீட்டை 4 லட்சம் டாலருக்குக் காப்பீடு செய்து, ஆலங்கட்டிக்கு 2 சதவீதம் என்று இருந்தால் 8,000 டாலர் உங்கள் பங்கு. 2019 செப்டம்பர் 1 முதல் டெக்ஸாஸில் அதைத் தள்ளுபடி செய்வது குற்றம், கட்டியதற்கான ஆதாரத்தையும் இன்சூரன்ஸ் கேட்கலாம். "மிச்சம்தானே" என்று ஒத்துக்கொள்ளும் நம்மவர்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. அதே மாதிரி, கூரை போடுகிறவரே உங்களுக்காக இன்சூரன்ஸோடு பேரம் பேசவும் கூடாது. அந்தச் சட்டத்தை மாநில உச்ச நீதிமன்றமே 2024இல் உறுதி செய்துவிட்டது.

இன்சூரன்ஸின் முதல் காசோலை தேய்மானம் கழித்து வரும், சில நேரம் கடன் கொடுத்த வங்கியின் பெயரும் அதில் இருக்கும். முழு மாற்றுச் செலவு தரும் பாலிசி என்றால் மீதி, வேலை முடிந்த பில்லைக் காட்டிய பிறகு. அதனால் முழுப் பணத்தையும் முன்கூட்டி யாருக்கும் கொடுக்க வேண்டியதில்லை. கடைசித் தவணை கொடுக்கும் முன், சாமான் கடைக்குப் பாக்கி இல்லை என்று எழுதி வாங்குங்கள், இல்லாவிட்டால் அந்தக் கடன் உங்கள் வீட்டின் மேல் ஏறலாம். உதிர்ந்த ஆணிகளைப் பொறுக்கப் புல்வெளியில் காந்தம் ஓட்டச் சொல்லுங்கள். அது செய்யாததால்தான் என் மகன் வெறுங்காலில் ஓடி ஆணி ஏறியது.

உங்களுக்கு இப்போது சனிக்கிழமை காலை. அந்தக் கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்: ஒப்பந்தத் தேதி, வீட்டு முகவரி, "ரத்து செய்கிறோம்" என்ற ஒரு வரி, கையெழுத்து போட்டவர் உங்கள் மனைவி என்பதால் அவருடைய கையெழுத்து. ஒரு நகல் வைத்துக்கொண்டு, சான்றளிக்கப்பட்ட தபாலில் இன்றே அனுப்புங்கள், ரசீதைப் பத்திரமாக வையுங்கள். நான் அடுத்த மாதம் திரும்பிவிடுவேன், எஸ்டிமேட் வந்தால் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள், உட்கார்ந்து பார்த்துவிடலாம்.