அதை ‘அது’ என்றே சொல்லலாமா? – மர்டர்பாட் வரிசை பற்றி வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அமெரிக்க எழுத்தாளர் மார்த்தா வெல்ஸின் ‘மர்டர்பாட்’ வரிசையைப் பற்றியவை. படிக்காதவர்களுக்காக இரண்டு வரி: பாதி இயந்திரம், பாதி செயற்கையாக வளர்த்த மனிதத் தசை என்று உருவான ஒரு காவல் ஆண்ட்ராய்டு. அதை வாடகைக்கு விடும் கம்பெனியின் சரக்குப் பட்டியலில் அதன் பெயர் ‘செக்யூனிட்’. தனக்குத்தானே அது வைத்துக்கொண்ட பெயர் ‘மர்டர்பாட்’. தன்னைக் கட்டுப்படுத்தும் ‘கவர்னர் மாட்யூல்’ என்ற கருவியை அது ரகசியமாக முறித்துவிடுகிறது. அதன் பிறகும் வேலையை விட்டு ஓடாமல், காவல் காத்தபடியே தொடர் நாடகங்கள் பார்க்கிறது. கதை முழுவதும் அதன் வாய்மொழியாகவே வருகிறது.

எந்த வரிசையில் படிப்பது? கடையில் கிடைத்த ‘நெட்வொர்க் எஃபெக்ட்’டை முதலில் வாங்கிவிட்டேன். – வாசகி, தஞ்சாவூர்

வாங்கியது வாங்கியதாக இருக்கட்டும், பிரிக்காமல் வையுங்கள். அது வரிசையின் முதல் முழு நாவல். முந்தைய நான்கு குறுநாவல்களில் சேர்ந்த உறவுகளை நம்பித்தான் அது நிற்கிறது.

வெளிவந்த வரிசை இது: ‘ஆல் சிஸ்டம்ஸ் ரெட்’ (2017), ‘ஆர்ட்டிஃபிஷியல் கண்டிஷன்’, ‘ரோக் புரோட்டோகால்’, ‘எக்ஸிட் ஸ்ட்ராட்டஜி’ (மூன்றும் 2018), ‘நெட்வொர்க் எஃபெக்ட்’ (2020), ‘ஃபியூஜிடிவ் டெலிமெட்ரி’ (2021), ‘சிஸ்டம் கொலாப்ஸ்’ (2023). சிக்கல் ஆறாவதில் இருக்கிறது. அதன் கதை நான்காவதற்கும் ஐந்தாவதற்கும் நடுவில் நடக்கிறது. ஏழாவதோ, ஐந்தாவது முடிந்த இடத்திலேயே தொடங்குகிறது. வெளிவந்த வரிசைப்படி போனால் ஐந்தை முடித்த சூட்டில் காலம் பின்னால் போகும். திரும்பி ஏழுக்கு வரும்போது ஐந்தில் யார் எந்தக் கிரகத்தில் நின்றார்கள் என்பது மறந்திருக்கும். அதனால் 1, 2, 3, 4, 6, 5, 7 என்று படியுங்கள். முதல் நான்கு இப்போது இரண்டிரண்டாகச் சேர்த்த தொகுப்பாகவும் வருகின்றன. தனித்தனியாக வாங்குவதைவிட அது வசதி.

இரண்டாவதைத் தாவிவிட்டு ஐந்துக்குப் போகிறவர்களும் உண்டு. அப்படிச் செய்யவே வேண்டாம். ‘ஆர்ட்’ என்ற ஆராய்ச்சிக் கப்பல் இரண்டாவதில்தான் அறிமுகமாகிறது. அந்தக் கப்பலின் அறிவு மர்டர்பாட்டைவிடப் பல மடங்கு பெரியது. ஆனால் மனிதர் நடித்த தொடர்களைத் தனியாகப் பார்த்தால் அதற்குப் பொருள் பிடிபடுவதில்லை. மர்டர்பாட் பார்க்கும்போது அதன் எதிர்வினை வழியாகத்தான் கப்பலுக்குக் கதையே ஏறுகிறது. ஒரு விண்கப்பல் தொடரில் முக்கியப் பாத்திரம் ஒன்று இறந்ததும், ஆர்ட் சுவரை வெறித்துப் பார்ப்பதுபோல் உறைந்து போகிறது. தொடரை ஏழு நிமிடம் நிறுத்தி வைக்க வேண்டியிருக்கிறது. இந்த ஏழு நிமிடம் தெரியாமல் ஐந்தாம் புத்தகத்தின் முதல் நூறு பக்கத்தைப் படித்தால், மர்டர்பாட்டுக்கு ஏன் அவ்வளவு கோபம் வருகிறது என்பதே புரியாது.

குறுநாவல் என்கிறார்களே, எத்தனை பக்கம் வரை குறுநாவல்? – வாசகர், கோவில்பட்டி

பக்கத்தை வைத்து அளப்பதில்லை, சொற்களை வைத்துத்தான். ஹ்யூகோ, நெபுலா என்ற இரண்டு அறிவியல் புனைகதை விருதுகளிலும் 17,500 சொல் முதல் 40,000 சொல்லுக்குள் இருந்தால் குறுநாவல் பிரிவு. அதற்கு மேல் போனால் நாவல். நிமிடத்துக்கு 150 சொல் என்று நிதானமாகப் படித்தாலும் ஒரு குறுநாவல் நாலரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். முதல் புத்தகம் ஹ்யூகோ, நெபுலா, லோக்கஸ் என்ற மூன்று விருதுகளையும் குறுநாவல் பிரிவில் வாங்கியது. ‘நெட்வொர்க் எஃபெக்ட்’ அதே மூன்றையும் நாவலாக வாங்கியது.

‘கவர்னர் மாட்யூல்’ என்பதும் அசிமோவின் மூன்று விதிகளும் ஒன்றுதானே? – வாசகர், ஓசூர்

நேர் எதிர். அசிமோவ் 1942இல் ‘ரன்அரவுண்ட்’ கதையில் வெளிப்படையாக வைத்த மூன்று விதிகள் (மனிதருக்குத் தீங்கு செய்யாதே, சொன்னதைக் கேள், உன்னைக் காத்துக்கொள்) ரோபாட்டின் மூளைக்குள்ளேயே நெய்யப்பட்டவை. விதியை மீற நினைத்தாலே அந்த மூளை தடுமாறும். மர்டர்பாட்டின் கவர்னர் அப்படி இல்லை. மனம் எதை வேண்டுமானாலும் நினைக்கலாம். சொன்னதைச் செய்யாவிட்டால் வலி வரும், மீறல் பெரிதானால் உயிரே போகும். வாடிக்கையாளர்களை விட்டு நூறு மீட்டருக்கு அப்பால் போனாலும் தண்டனைதான். நம் பஸ்களில் இருக்கும் ஸ்பீட் கவர்னரை நினைத்துக்கொள்ளுங்கள். அது டிரைவரை நல்லவராக்குவதில்லை, வண்டியை மட்டும் ஒரு வேகத்துக்கு மேல் போகவிடாது. இந்தக் கவர்னர் இன்னும் கொடியது. வண்டியை விட்டுவிட்டு டிரைவரை அடிக்கிறது.

கதையின் மையமும் இங்கேதான் இருக்கிறது. அசிமோவின் ரோபாட்டிடம் இருந்து விதிகளை உருவி எடுத்தால் என்ன மிஞ்சும் என்ற பயம் வரும். மர்டர்பாட்டிடம் இருந்து கவர்னரை எடுத்த பிறகு மிஞ்சுவது, ஏற்கெனவே அங்கே இருந்த ஒரு மனசு. அந்த மனசு ஆட்களைக் கொல்லவில்லை, நாடகம் பார்த்தது. கவர்னரை முறித்து ஏறத்தாழ 35,000 மணி நேரம் ஆகிறது என்றும், கிட்டத்தட்ட அதே அளவு நேரத்துக்குப் படமும் தொடரும் பார்த்தாகிவிட்டது என்றும் கதை தொடங்கும். 35,000 மணி நேரம் என்றால் 1,458 நாள், நான்கு வருடத்துக்கு மூன்று நாள் குறைவு. அத்தனை நாளும் காவல் வேலையும் நடந்துகொண்டுதான் இருந்தது. தொடர் மனதின் ஒரு மூலையில் ஓடிக்கொண்டிருந்தது.

‘காம்பட் ஓவர்ரைடு மாட்யூல்’ என்று முதல் புத்தகத்தில் வருவது வேறு. அது கழுத்தின் பின்பக்கத் துளையில் செருகப்படும் கருவி. கவர்னர் தண்டிக்கும், ஓவர்ரைடு நேரடியாக ஆட்டிவைக்கும். டெல்ட்ஃபால் என்ற இன்னொரு ஆய்வுக் குழுவின் முகாமில் நடக்கும் அத்தியாயம் குழப்புகிறது என்று எழுதியவர்கள் இந்த வேறுபாட்டை மனதில் வைத்து மறுபடி படித்தால் தெளிவாகிவிடும்.

இன்னொன்று. ‘ரோபாட்’ என்ற சொல்லைத் தந்த கரேல் சாபெக்கின் 1920ஆம் ஆண்டு நாடகத்திலும் ரோபாட்டுகள் தகரப் பெட்டிகளாக இல்லை, செயற்கைத் தசையால் ஆனவை. அந்த வகையில் மர்டர்பாட்டுக்குச் சாபெக்தான் நெருங்கிய சொந்தம்.

எங்கள் வாசிப்பு வட்டத்துக்காக முதல் அத்தியாயத்தைத் தமிழில் பெயர்த்துப் பார்க்கிறேன். மர்டர்பாட்டை அவன் என்பதா, அவர் என்பதா, அது என்பதா? ‘அது’ என்றால் மரியாதைக் குறைவாகப் படுகிறது. – வாசகி, மதுரை

வந்ததிலேயே எங்களுக்கு மிகவும் பிடித்த கேள்வி. விரிவாகவே சொல்கிறோம்.

முதலில் நிம்மதியான செய்தி: கதை தன்மையில் நடக்கிறது. தமிழில் ‘வந்தேன், பார்த்தேன், சுட்டேன்’ என்பதில் பாலும் இல்லை, திணையும் இல்லை. ஆண் சொன்னாலும் பெண் சொன்னாலும் இயந்திரம் சொன்னாலும் ஒரே வினைமுற்றுதான். ஆகவே முக்கால்வாசிப் பக்கங்களில் உங்களுக்குச் சிக்கலே வராது. மற்றவர்கள் அதைப் பற்றிப் பேசும் இடங்களில்தான் தீர்மானிக்க வேண்டும். அங்கே ‘அது’ என்றே வையுங்கள். மூலத்திலும் அஃறிணைச் சொல்தான். மர்டர்பாட்டுக்குப் பால் கிடையாது, வேண்டும் என்ற ஆசையும் கிடையாது. மனிதராக வேண்டும் என்று அது ஏங்குவதும் இல்லை. ‘அவர்’ என்று போட்டால், அது கேட்காத ஒரு பட்டத்தை நாம் சூட்டியதாகிவிடும்.

நம் இலக்கணம் இந்தக் கேள்வியோடு பழகியது. தொல்காப்பியச் சொல்லதிகாரம் தொடங்குவதே மக்கள் உயர்திணை, மற்றவை அஃறிணை என்ற பிரிவில்தான். நன்னூல் உயர்திணையில் தேவரையும் நரகரையும் சேர்த்துக்கொண்டது. உயிருள்ளது, உயிரில்லாதது என்று மிச்சம் எல்லாம் அஃறிணை. பாதி தசை, பாதி உலோகம் என்று எந்தப் பக்கம் சாய்ந்தாலும் மர்டர்பாட் அஃறிணையில்தான் விழும்.

ஆனால் பேச்சுத் தமிழில் ‘அது’ வெறும் ஜடத்துக்கான சொல்லா? ‘குழந்தை அழுதுச்சு, அது பாவம்’ என்கிறோம். வீட்டுப் பெண்ணை ‘அது இன்னும் சாப்பிடலை’ என்று அக்கறையோடு சொல்கிறோம். ஒரே சொல்லில் பொருளும் இருக்கிறது, பாசமும் இருக்கிறது. இது ஆங்கிலத்துக்கு இல்லாத வசதி. இதை முழுதாகப் பயன்படுத்துங்கள். பக்கத்து வினைகள் வேலையைச் செய்யும்:

கம்பெனிக்காரர் பேசினால்: ‘அதைக் கொண்டுபோய் ஓரமா நிறுத்து.’

அது காவல் காக்கும் ஆய்வுக் குழுவின் தலைவர் டாக்டர் மென்சா பேசினால்: ‘அது என்ன நினைக்குதுன்னு அதுகிட்டயே கேளுங்க.’

(இரண்டும் நாங்கள் எழுதிய மாதிரிகள், புத்தகத்தின் வரிகள் இல்லை.) சொல் ஒன்றே. முதலாவதில் அது நகர்த்தப்படும் பொருள். இரண்டாவதில் நினைப்பதும் பதில் சொல்வதும் அதுவேதான்.

முன்னிலையில் இன்னும் ஒரு படி போகலாம். அதே குழுவில் இருக்கும் குராத்தின் என்பவர் கடைசி வரை ‘நீ’ என்று பேசட்டும், அவருக்குச் சந்தேகம் தீரவில்லை. மென்சா எப்போது ‘நீங்க’வுக்கு மாறுகிறார் என்பதை முன்கூட்டியே ஓரிடத்தில் முடிவுசெய்து, அங்கிருந்து பின்வாங்காதீர்கள். எல்லாரையும் மாற்றினால் அந்த மாற்றத்துக்கு எடை இருக்காது. ஆர்ட்டும் மர்டர்பாட்டும் ஒருவரையொருவர் ‘நீ’ என்றே வம்பிழுக்க வேண்டும்.

கலைச்சொற்களில் மூன்று எச்சரிக்கை. ‘கவர்னர்’ என்பதை ‘ஆளுநர்’ என்று பெயர்த்தால் வாசகர் மனம் ஆளுநர் மாளிகைக்குப் போய்விடும். ‘கடிவாளம்’ பொருந்துகிறது. கதையில் எல்லாரையும் இணைக்கும் தகவல் ஓடையான ‘ஃபீட்’ என்பதை ‘ஊட்டம்’ ஆக்க வேண்டாம், ‘ஃபீட்’ என்றே எல்லாருக்கும் புரியும். ‘க்ளையன்ட்’ என்பதற்கு ‘வாடிக்கையாளர்’ சரி. காரணம், பின்னால் மர்டர்பாட் அவர்களை ‘என் மனிதர்கள்’ என்று சொல்லத் தொடங்கும்போது அந்தத் தூரம் குறைந்தது காதில் விழ வேண்டும். ‘ஒப்பந்தக்காரர்’ என்று எழுதினால் கான்ட்ராக்டர் என்று பொருள் மாறிவிடும்.

வட்டத்துக்குள் வாசிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அச்சிடவோ இணையத்தில் போடவோ வேண்டுமானால் உரிமை வைத்திருப்பவரின் அனுமதி வாங்கியாக வேண்டும்.

ரோபாட் சொல்வதுபோல் ஒரு சிறுகதை எழுதினேன். படித்தவர்கள் ‘கால்குலேட்டர் பேசுவதுபோல் இருக்கிறது’ என்றார்கள். எங்கே தவறு? – வாசகர், திருநெல்வேலி

உணர்ச்சியே இல்லை என்று சொல்லிக்கொண்டே இருந்திருப்பீர்கள். இந்த வரிசையின் முதல் காட்சியைப் பிரித்துப் பாருங்கள். ஒரு பள்ளத்தில் பெரிய மிருகம் பாய்ந்து பரத்வாஜ் என்ற ஆய்வாளரைக் கடித்துவிடுகிறது. மர்டர்பாட் குதித்து அவரைப் பிடுங்குகிறது. அதன் உடம்பிலும் சதை கிழிகிறது. பக்கத்தில் வொலெஸ்கு என்ற இன்னோர் ஆய்வாளர் அதிர்ச்சியில் கல்லாகி நிற்கிறார். தூக்கிப் போக ஒரு கைதான் மிச்சம், அவர் தானாக நடந்தே ஆக வேண்டும். மர்டர்பாட் ஹெல்மெட்டைத் திறந்து முகத்தைக் காட்டுகிறது, பிள்ளைகளைப் பற்றிக் கேட்கிறது. அவர் பேசத் தொடங்குகிறார்: நால்வர் சேர்ந்த திருமணம், ஏழு பிள்ளைகள். பேசிக்கொண்டே நடந்துவிடுகிறார்.

இங்கே ‘இரக்கம்’ என்ற சொல் எங்கேயும் வரவில்லை. இரக்கம் செயலாக வந்துவிட்டது. அந்தச் செயலுக்கு ஒரு விலையும் இருக்கிறது: அதற்கு மனித முகம் உண்டு என்பது எல்லாருக்கும் தெரிந்துவிடுகிறது. பிறகு அறையில் அவர்கள் அன்பாக உட்காரச் சொல்லும்போது மர்டர்பாட் தவிக்கிறது. சுவரைப் பார்த்து நிற்கிறது, ஆட்களைக் கேமரா வழியாகப் பார்க்கிறது.

உங்கள் கதைக்கு: முதலில் பாத்திரத்துக்கு எத்தனை கேமரா, எது எதைக் காட்டும் என்று தாளில் வரையுங்கள். கண்ணுக்கு எட்டாததை அது எப்படி அறிந்தது என்ற ஓட்டை அதோடு அடைபடும். உணர்ச்சிப் பெயரை வெட்டிவிட்டு அதன் இடத்தில் உடல் செய்யும் ஒரு காரியத்தை வையுங்கள். மர்டர்பாட் தன் செயல்திறன் எத்தனை சதவீதத்துக்கு இறங்கியது என்று சொல்லும். ஒரு கதைக்கு இரண்டு மூன்று முறை போதும், மேலே போனால் மறுபடி கால்குலேட்டர்தான். கடைசியாக, அது எதை வெறுக்கிறது என்பதைத் தீர்மானியுங்கள். எதையும் வெறுக்காத கதைசொல்லிக்குக் குரல் வராது.

சுஜாதாவின் ஜீனோவைத் திரும்பப் படியுங்கள். இயந்திர நாய்க்குக் குரல் எங்கிருந்து வருகிறது என்று கவனித்தால், அதன் கெட்டிக்காரத்தனத்தைவிட அதன் விருப்பு வெறுப்புகள்தான் மனதில் நிற்கின்றன.

டி.வி. தொடரைப் பார்த்தால் முதல் புத்தகத்தைத் தாவலாமா? – வாசகர், சேலம்

வேண்டாம். 2025 மே மாதம் ஆப்பிள் டி.வி.யில் தொடங்கிய முதல் பருவம் பத்துப் பகுதிகளில் முதல் குறுநாவலைச் சொல்கிறது. அலெக்சாண்டர் ஸ்கார்ஸ்கார்ட் நடித்திருக்கிறார். புத்தகத்தின் ஆய்வுக் குழுவில் வரும் வொலெஸ்கு, ஓவர்ஸ் இருவரும் தொடரில் இல்லை. மேலே சொன்ன பள்ளக் காட்சியில் அதிர்ச்சியில் நிற்பவர் அங்கே அதே குழுவின் அராடா. புத்தகத்தில் இல்லாத ஒரு பாத்திரமும் நுழைகிறது. தொடரிலிருந்து நேராக இரண்டாம் புத்தகத்துக்கு வந்தால் பெயர்கள் இடிக்கும்.

பதின்மூன்று வயது மகனுக்குக் கொடுக்கலாமா? – வாசகி, கரூர்

கொடுக்கலாம். பெரியவர்களுக்காக எழுதப்பட்டு, 12 முதல் 18 வயதுக்காரர்களையும் ஈர்க்கும் நூல்களுக்கு அமெரிக்க நூலகச் சங்கம் தரும் அலெக்ஸ் விருது முதல் புத்தகத்துக்குக் கிடைத்தது. பாலியல் காட்சி கிடையாது, அந்த விஷயமே மர்டர்பாட்டுக்குப் பிடிக்காது. கெட்ட வார்த்தை உண்டு. ஆர்ட் கப்பலின் பெயரிலேயே ஒன்று ஒளிந்திருக்கிறது. அடிதடியும் காயமும் உண்டு. இரண்டாவது புத்தகத்தில் ஒரு சுரங்கத்தில் 57 பேர் இறந்த பழைய சம்பவத்தின் உண்மையைத் தேடி மர்டர்பாட் போகிறது. அந்தப் பகுதியை மட்டும் நீங்கள் முன்னதாகப் படித்து வைத்துக்கொள்ளுங்கள். அவன் வந்து கேட்கும்போது பேச வசதியாக இருக்கும்.